மருந்தில்லாத தோட்டா

நோர்வேயில், வெஸ்ட்லியில் எங்கள் வீடு ஏழாம் மாடியில் இருந்தது. குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாமான் அறை. பனிச்சறுக்குக் கட்டைகள் வைப்பதற்கென்று நோர்வேக்காரர் கட்டியது. அம்மா அதில் அரிசி வாளியும் மிளகாய்த்தூளும் வைத்திருந்தா. மிச்ச இடத்தில் நான் ஒரு மேசையைப் போட்டு, கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்பும் பிரஸ் ஒன்றைப் பூட்டினேன்.

"படிக்க விட்டா வெடியெல்லோ செய்யிறார் எஞ்சினியர்," என்றார் அப்பா, பஸ் கழுவும் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். நக்கலடித்தாலும், நான் செய்வதெல்லாம் படிப்போடு சேர்ந்தது என்றுதான் அவர் நம்பினார்.

இது படிப்பில் சேராதது. என்னோடு இயந்திரவியல் படித்த ஒரு நோர்வேப் பெடியன் லில்லெஸ்ட்ரோம் பக்கம் இருந்த சுடும் கிளப்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். காகிதத்தில் ஒரு கறுப்பு வட்டம், அதன் நடுவுக்குச் சுட வேண்டும், அவ்வளவுதான். பயிற்சி, அனுமதி எல்லாம் முறைப்படி எடுத்தேன். வீட்டில் மட்டும் கிளப் கதையை எடுக்கவில்லை. அங்கே கனபேர் சுட்ட கோதுகளைப் பொறுக்கித் தாங்களே திரும்ப நிரப்புவார்கள். சுடுவதைவிட எனக்கு அதுதான் பிடித்துப்போனது.

அதற்குப் பிரஸ்ஸில் திருகிப் பூட்டும் மூன்று டை, இரும்பு அச்சுகள், வேண்டும். ஒன்று, சுட்டு வீங்கின கோதைப் பழைய அளவுக்கு இறுக்கும். அடுத்தது அதன் வாயைக் கொஞ்சம் விரிக்கும். மூன்றாவதுதான் என் பொறுமையைத் தின்றது. குண்டைக் கோதுக்குள் இருத்தி, விரித்த வாயை மூடுவது அதன் வேலை. கொஞ்சம் கூடுதலாகத் திருகினால் குண்டு ஆழத்துக்குப் போய்விடும், பிறகு சுடும்போது உள்ளே அமுக்கம் ஏறித் துவக்கே வெடிக்கலாம். குறையத் திருகினால் தோட்டா துவக்குக்குள் போய் இராது. அதனால் வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் போடாத வெறும் கோதில் குண்டை வைத்துப் பிரஸ்ஸின் பிடியை இழுப்பேன். வேர்னியர் அளவுகோலால் அளப்பேன். ஒரு இழை திருகி, திரும்ப இழுப்பேன். அளவு வந்ததும் டையின் பூட்டு வளையத்தை இறுக்கிவிட வேண்டும். அந்த வெறும் தோட்டாவை எறிவதில்லை. எப்போதாவது டை அசைந்துவிட்டால் அதை வைத்துப் பழைய அளவைப் பிடித்துவிடலாம்.

நாங்கள் விட்டுவந்த ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கியிருந்த காலம் அது. முன்னறை டிவியில் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா அதைப் பார்க்கமாட்டா. அரிசி எடுக்க வந்தால் என் கோதுகளையும் பார்க்காமல் திரும்பிப் போவா.

ஒரு பின்னேரம் மூன்றாவது டையும் சரிவந்தது. வந்த சந்தோஷத்தில் குசினிக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா, எல்லாம் ரெடி. சனிக்கிழமை போறன்," என்றேன். எங்கே என்று சொல்லத் தோன்றவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

எங்கள் சனத்துக்குள் ஒரு பெடியனைப் பற்றி "அவன் போயிட்டான்" என்று சொன்னால், எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. இயக்கத்துக்குத்தான், சண்டை பிடிக்க. அண்ணாவும் அப்படித்தான் போனவர். அப்போது எனக்குப் பால்பல்லுகூட விழவில்லை. பிறகு, துவக்குச் சூடு பட்டுச் செத்துப்போனார் என்று செய்தி மட்டும் வந்தது. உடம்பு வரவில்லை.

அடுத்த நாள் வகுப்பு முடிந்து வந்து பார்க்கிறேன், பிரஸ்ஸில் டை இருந்த இடம் வெறும் ஓட்டையாக இருக்கிறது.

"அம்மா, இஞ்சை இருந்த டை எங்கை?"

"எனக்கென்ன தெரியும் உன்ரை இரும்பைப் பற்றி?"

ஓட்டையின் விளிம்பில் மிளகாய்த்தூள் ஒட்டியிருந்தது. அரிசி வாளிக்குள் கையை விட்டேன். அடியில் டை தட்டுப்பட்டது. பூட்டு வளையம் கழன்று தனியாக வந்தது.

"ஏனம்மா இப்பிடிச் செய்தனீங்கள்? எவ்வளவு கஷ்டப்பட்டுச் சரிப்பண்ணினனான் தெரியுமோ!"

அம்மா அடுப்பை நிற்பாட்டினா. "அது இல்லாட்டி நீ போகமாட்டாய் எண்டு நினைச்சன்."

"எங்கை?"

"கொண்ணன் போன இடத்துக்கு."

அவசர அவசரமாகச் சொன்னேன். "அம்மா, கிளப்புக்கம்மா. லில்லெஸ்ட்ரோமுக்கு. காகிதத்துக்குச் சுடுறது. பொழுதுபடமுன்னம் வந்திடுவன்."

"காகிதத்துக்கோ?"

"ஓம்."

"காகிதம் உனக்கு என்னடா செய்தது?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

டையைத் திரும்பப் பூட்டத் தொடங்கினேன். அம்மா அரிசி அளக்கும் சுண்டோடு வாசலில் வந்து நின்றா. மேசையில் இருந்த வெறும் தோட்டாவைக் காட்டி, "அதை ஒருக்காத் தா," என்றா.

"பயப்பிடாதேங்கோ. இதுக்குள்ளை மருந்து இல்லை."

உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தா. குண்டின் முனையைப் பெருவிரலால் தடவினா.

"அண்ணனுக்குப் பட்டதும் இவ்வளவு மொத்தமோ?"

அண்ணாவைப் பற்றி அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அளவு கேட்டால் அளவு சொல்லத்தான் எனக்குப் படிப்பித்திருந்தார்கள்.

"இல்லையம்மா. அது பெரிய துவக்கின்ரையாத்தான் இருக்கும். அது இதைவிட ஒல்லி."

"எவ்வளவு?"

வேர்னியரின் வாயைக் கொஞ்சம் ஒடுக்கிக் காட்டினேன். அம்மா தன் சின்னி விரலை அதற்குள் விடப் பார்த்தா. நகம் மட்டும் போய்த் தட்டி நின்றது.

"இவ்வளவுதானோ," என்றா. "நான் இவ்வளவு நாளும் பெரிசா ஏதோ எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

சுண்டை அரிசி வாளிக்குள் போட்டுவிட்டு, தோட்டாவைப் பொத்திய கையோடு போய்விட்டா. அது இல்லாவிட்டால் டையை அடியிலிருந்து சரிப்பண்ண வேண்டும். நான் திருப்பிக் கேட்கவில்லை.

சனிக்கிழமை கிளப்புக்குப் போகவில்லை. அம்மா சோறு போட்டுத் தந்தா, இருந்து சாப்பிட்டேன்.