படித்துக் காட்டியவர்: பிரிஸ்கில்லா

‘சொக்கலிங்கம் அண்ட் அசோசியேட்ஸ்’ என்று தீவுத் தலைநகரின் அபர்தீன் பஜாரில் ஒரு மாடிப்படிக்கு மேலே பலகை தொங்குகிறது. சொக்கலிங்கம் உண்டு. அசோசியேட்ஸை ஊரே தேடிக்கொண்டிருக்கிறது. ஜூனியர் வக்கீல் ஷோபனா வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் அந்தப் பன்மைக்குப் பொறுப்பு பிரிஸ்கில்லா ஒருத்திதான்.

குமரிக் கடற்கரையிலிருந்து வலையோடு கப்பலேறி வந்து இந்த ஊர் ஜங்லிகாட்டில் குடியமர்ந்த சிலுவைராஜுக்கு மூன்று பெண்கள். மூத்தவளும் கடைக்குட்டியும் மீன் வியாபாரத்துக்குப் போனார்கள். நடுவுள்ள பிரிஸ்கில்லா டைப்ரைட்டிங் படிக்கப் போனாள். வீட்டில் குமரித் தமிழ், தெருவில் ஹிந்தி, எதிர்வீட்டோடு சண்டைக்கு மட்டும் வங்காளி. பிரிஸ்கில்லாவின் சட்டப் படிப்பு மொத்தமும் இதுதான்.

அது போதுமானதாகவும் இருந்தது. கட்சிக்காரர் ஏதாவது ஒரு தீவிலிருந்து கப்பலில் வருவார், தன் மொழியில் அழுவார். வக்கீல் அதை இங்கிலீஷில் எழுதுவார். அந்த அஃபிடவிட்டை வந்தவருக்கு அவர் மொழியில் யாராவது படித்துக் காட்ட வேண்டும். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கும்: ‘மேற்கண்டவற்றை மனுதாரருக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டி விளக்கினேன், சரியென்று ஒப்புக்கொண்டார்.’ அதற்குக் கீழே இருபத்திரண்டு வருடமாக பிரிஸ்கில்லாவின் கையெழுத்து. நீதிபதிகள் வந்தார்கள், மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போனார்கள். ஊரின் பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள். அந்தக் கையெழுத்து மட்டும் மாறவில்லை.

போன ஜூனில் சொக்கலிங்கம் சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போனார். திரும்பும்போது ஒரு துணிப்பை, ஒரு பேனா, ஒரு ஏ.ஐ. மூன்றோடும் வந்தார். முதல் இரண்டும் இலவசம். மூன்றாவதற்கு ஆபீஸின் பழைய ஃபைல்கள் அத்தனையையும் ஸ்கேன் பண்ணிக் கொடுத்தார்கள். அது மனு எழுதியது, தீர்ப்புகளைத் தேடியது, எழுதியதைக் கேட்ட மொழியில் வாய்விட்டும் படித்தது. ஷோபனா கைதட்டினாள். பிரிஸ்கில்லாவும்தான் தட்டினாள், பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போடுகிற வேலை ஒழிந்ததே!

ஆனால் அதன் வருடச் சந்தாவும் பிரிஸ்கில்லாவின் வருடச் சம்பளமும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி இருந்தன. இரண்டில் ஒன்றைத்தான் ஆபீஸ் தாங்கும் என்று சொக்கலிங்கத்துக்குத் தோன்றிவிட்டது.

“ஏம்மா பிரிஸ்கில்லா, அடுத்த மாசத்துலேர்ந்து அரை நாள் வந்தாப் போதும். உனக்கும் ரெஸ்ட் வேணும்ல.”

“சம்பளம், ஸார்?”

“அதுக்கும் கொஞ்சம் ரெஸ்ட்.”

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் புருஷன் டெர்வின் அங்கே இருந்திருந்தால் வக்கீலைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பான். அந்த மௌனத்தோடு குடித்தனம் நடத்துகிறவன் அவன்.

அடுத்த திங்கட்கிழமை கட்சால் தீவிலிருந்து சொர்ணம்மா வந்தாள். சிலோனிலிருந்து சின்னப் பிள்ளையாக வந்து, ரப்பர் பால் வெட்டியே வயதானவள். இங்கே பக்கத்தில் சௌல்தாரியில் அவள் புருஷன் வாங்கிப் போட்ட பாக்குத் தோட்டத்தை, அவன் செத்த பிறகு கொழுந்தன் தனதென்று சொல்லி விற்கப் பார்க்கிறான். இன்றே தடை உத்தரவு கேட்டாக வேண்டும். திரும்பிப் போகிற கப்பல் நாலு மணிக்கு.

அவள் சொன்னதைக் கேட்டு மெஷின் பத்தே நிமிடத்தில் அஃபிடவிட் எழுதியது. பிறகு கணீரென்று தமிழில் படித்தது. சொர்ணம்மா கடைசிவரை தலையாட்டினாள். காகிதம் வந்தது. சொக்கலிங்கம் வழக்கம்போல் அதை பிரிஸ்கில்லா பக்கம் தள்ளினார்.

“நான் படிக்கலையே, ஸார்.”

“மெஷின் படிச்சுதே. நீயும் கேட்டுட்டுத்தானே இருந்தே?”

“கேட்டேன். இங்க ‘படித்துக் காட்டினேன்’னுல்லா போட்டிருக்கு? ‘படிச்சப்ப பக்கத்துல இருந்தேன்’னு மாத்துங்க, இப்பவே போடுதேன்.”

“கப்பல் நாலு மணிக்கும்மா!”

“தெரியும். அந்த டிக்கெட்டை எடுத்ததே நானாக்கும்.”

“அரை நாள் சமாச்சாரத்தை மனசுல வச்சுக்கிட்டு விளையாடாதே.”

“மனசுலதான் வச்சிருக்கேன், மறைக்கல. அரை நாள் ஆளுக்கு அரைக் கையெழுத்து போதுமா? ‘பிரிஸ்’னு போடவா?”

சொக்கலிங்கம் ஷோபனாவைப் பார்த்தார். “நீ போடும்மா.”

“நானா? ஸார், நான் இந்தக் கேஸ்ல வக்கீல், வக்காலத்துல என் பேரும் இருக்கு. நாளைக்கு இந்தம்மா ‘எனக்கு ஒண்ணும் புரியல’ன்னா என்னையே கூண்டுல ஏத்துவாங்க.”

“அப்ப மெஷினே போடட்டும்” என்றாள் பிரிஸ்கில்லா.

ஷோபனா குனிந்துகொண்டு, யாருக்கோ சொல்வது போல மெல்லச் சொன்னாள். “அது போடாது. ஒப்பந்தத்துல இருக்கு. ‘இதில் வரும் எதற்கும் கம்பெனி பொறுப்பல்ல. ஒரு மனிதர் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.’”

“அந்த மனுஷர் யாரு ஸார்? பேரு போட்டிருக்கா?” கேட்டாள் பிரிஸ்கில்லா.

சொக்கலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், கடைசியில் “படிச்சுத் தொலை” என்றார்.

பிரிஸ்கில்லா நாற்காலியை இழுத்து சொர்ணம்மாவின் முழங்காலில் இடிக்கிற மாதிரி போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினாள். ஒரு பாரா முடிந்ததும் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பாள். முகம் சரி என்றால்தான் அடுத்தது. நாலாவது பாராவில் முகம் சரி என்று சொல்லவில்லை.

“‘என்னுடைய ஆவணங்கள் அனைத்தும் 2004 டிசம்பர் சுனாமியில் அழிந்துவிட்டன...’”

“இருங்க, இருங்க. என்னாது அழிஞ்சிருச்சு? யாரு சொன்னா?”

“நீங்க சொல்லலியா?”

“நான் ஏன் சொல்றேன்? தண்ணி வந்தன்னைக்கு அடுப்புல இருந்த சோத்த விட்டேன். ஆட்ட விட்டேன். மாமியார அவுங்க மகன் பொறுப்புல விட்டுட்டு மேட்டுக்கு ஓடுனேன். பத்திரத்த விடலீங்க. இடுப்புல கட்டியிருந்தேன்!”

கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது. அதற்குள் உப்புக்கறை படிந்த பத்திரம். கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் இருந்தன. சொக்கலிங்கம் எழுந்தே நின்றுவிட்டார். அழிந்துவிட்டது என்று சத்தியம் செய்த பிறகு இதை நீட்டியிருந்தால், போலிப் பத்திரம் என்று கொழுந்தனின் வக்கீல் ஒரே வார்த்தையில் கேஸை முடித்திருப்பார்.

“மெஷின் இதைப் படிச்சப்ப தலையாட்டுனீங்களே, அக்கா?” ஷோபனா கேட்டாள்.

“அது ரேடியோ மாதிரில்ல பேசிக்கிட்டே போச்சு. ரேடியோகிட்ட யாரும்மா மறுத்துப் பேசுவா?”

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பிரிஸ்கில்லாவுக்குத் தெரிந்துபோயிற்று. அவளுடைய வரிதான். சுனாமிக்கு அடுத்த வருடம் கட்சாலிலிருந்து வந்த முதல் ஃபைலில் அவளே அடித்தது. அதற்குப் பிறகு அங்கிருந்து வந்தவர்களிடம் உண்மையிலேயே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஃபைலுக்கு ஃபைல் அதே வரி. அத்தனையையும் விழுங்கிய மெஷின், கட்சால் என்றாலே காகிதம் போயிற்று என்று முடிவு கட்டியிருக்கிறது. கோபம் வரவில்லை அவளுக்கு. வெட்கம்தான் வந்தது.

“வரி என்னோடதுதான் ஸார்” என்றாள். “ஆனா ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுட்டாக்கும் அடிச்சேன்.”

நாலாவது பாராவைத் திருத்தி, முதலிலிருந்து மறுபடி படித்தாள். சொர்ணம்மா இன்னும் இரண்டு இடத்தில் நிறுத்தினாள். பிறகுதான் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மனு மூன்றரைக்குக் கோர்ட்டில் ஏறியது. கப்பல் தன் வழக்கப்படி இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பி சொர்ணம்மாவுக்கு மரியாதை செய்தது.

சாயங்காலம் சொக்கலிங்கம் தொண்டையைக் கனைத்தார். “முழு நாளே வாம்மா.”

“எழுதிக் குடுங்க.”

“என் வார்த்தையில நம்பிக்கை இல்லியா?”

“வக்கீல் ஆபீஸ்ல இருபத்திரண்டு வருசம் இருந்திருக்கேன், ஸார்.”

அவர் எழுதினார். எழுதும்போதே, சந்தாவுக்கு எங்கே போவது என்று புலம்பினார். பிரிஸ்கில்லா சந்தா ரசீதை எடுத்து வைத்தாள். பத்துப் பேர் பயன்படுத்தும் உரிமம். “நாம மூணு பேரு. மீதி ஏழு பேரு எப்ப வருவாங்க? நாற்காலி வாங்கணும்லா?” மூன்று பேருக்குக் குறைக்கச் சொல்லி ஷோபனா அப்போதே கம்பெனிக்கு மெயில் தட்டினாள்.

எல்லாம் முடிந்தது என்று சொக்கலிங்கம் கோட்டைக் கழற்றி மாட்டினார். பிரிஸ்கில்லா எழுந்துபோய், நாளைக்குத் தாக்கலாக வேண்டிய தட்டிலிருந்து லாங் ஐலண்ட் என்ற தீவுக்காரர் ஒருவரின் ஃபைலை உருவினாள். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்து இருந்தது. அதன் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள்.

“ஏய், ஏய்! அது ரெடியான ஃபைல்!”

“போன வாரம் மெஷின் படிச்சுது. நான் பேசாம போட்டேன். தப்புதான்.”

“அந்த ஆளு ஒண்ணுமே சொல்லலியேம்மா!”

“நான் கேக்கலியே, ஸார்.”

ஃபோனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். லாங் ஐலண்டில் மணி அடித்தது, எடுத்தார்கள். நலம் விசாரித்துவிட்டு, முதல் பாராவை ஹிந்தியில் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். இரண்டாவது பாராவின் பாதியில் அந்தப் பக்கத்துக் குரல் குறுக்கே வந்து நிறுத்தச் சொன்னது.

“ருகோ, ருகோ, தீதி...”

சொக்கலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.