காந்தத்தில் ஒட்டாத சதங்கள்

அன்று கனடாவின் ஸ்காபரோவில் அந்தப் பழைய உலோகக் கடையில் நின்றவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, வான் ஓட்டிவந்த மச்சான், தராசடியில் நின்ற அண்ணை. வேறொருவரும் இல்லை. தெரிந்தவர் யாரும் வந்துவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததால் இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வானில் பத்துப் பெயின்ற் பேணிகள், அவை நிறைய அமெரிக்க ஒரு சதக் குற்றிகள், செப்பு நிறச் சில்லறைக் காசுகள். நயாகராவில் சுற்றுலாக்காரருக்குச் சாமான் விற்ற ஒருவர் கடையை மூடிவிட்டுப் பக்கத்து ஊரான அஜக்ஸுக்கு வந்திருந்தார். கல்லாவில் சேர்ந்ததை எழுநூறு டொலருக்குத் தந்தார். அதெல்லாம் செம்பு, நிறைக்கு விற்றால் இரண்டு மடங்கு வரும் என்று வேலையிடத்தில் சொன்னார்கள்.

இரண்டு மாத பேஸ்மென்ற் வாடகை ஆயிரத்து நானூறு நிலுவையில் இருந்தது. கையில் இருந்ததே அந்த எழுநூறுதான். வீட்டுக்கார அன்ரி சொல்லிவிட்டார்: "தம்பி, மாதமுடிவுக்குள்ள முழுக்க வேணும். பாதியோட வந்து நிக்காதையும்."

பாதியை முழுதாக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனாலும் பயம். இந்த நாட்டுச் சதங்களில் பிந்தி வந்தவை இரும்பு, காந்தத்தில் ஒட்டும் என்று எனக்குத் தெரியும். ஆகவே முதல்நாள் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டிக் கதவிலிருந்த பிள்ளையார் காந்தத்தைக் கழற்றி, பேணி பேணியாக மூன்று தரம் துழாவினேன். ஒன்றும் ஒட்டவில்லை. அன்றிரவுதான் கொஞ்சம் நித்திரை வந்தது.

"ஒண்டும் ஒட்டேல்லை அண்ணை, எல்லாம் செம்பு" என்றேன் தராசடி அண்ணையிடம்.

"ஒட்டாததெல்லாம் செம்போ? உம்மட மூக்கிலயும்தான் காந்தம் ஒட்டாது." குறட்டால் ஒரு சதத்தை நறுக்கினார். உள்ளே வெள்ளை. "சிங்க், துத்தநாகம். மேல செம்புப் பூச்சு மட்டும்தான். எண்பத்திரண்டில அமெரிக்கன் செம்பை விட்டிட்டான். வருசம் பாக்கேல்லையோ?"

பார்க்கவில்லை. ஒவ்வொரு குற்றியிலும் வருடம் போட்டிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கும் இலக்கம் வாசிக்கத் தெரியும். மனைவி ஒரு பிடி அள்ளி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் தொண்ணூறுகளும் இரண்டாயிரங்களும்.

"இஞ்ச பாங்குகள் எடுக்காது. அமெரிக்க பாங்கில குடுத்தா சதத்துக்குச் சதம் தருவாங்கள்" என்றார் அண்ணை.

மச்சான் சிரித்தான். "எங்கட அகதி கேசே முடியேல்லை. போடரைத் தாண்டினா திரும்பி உள்ள விடுவாங்களோ?"

அஜக்ஸ்காரருக்கு அங்கேயே நின்று அழைத்தேன். "வித்தது வித்ததுதான் தம்பி" என்று வைத்துவிட்டார்.

"திருப்பி ஏத்த வேண்டாம். எங்க வைக்கிறது? நாளைக்கு நாங்களே எங்க இருப்பமோ தெரியாது" என்றாள் மனைவி. சிங்க் விலைக்கு நூற்றெண்பது டொலர் கிடைத்தது.

பின்னேரம் அன்ரி கதவைப் பாதி திறந்து அந்தக் காசை வாங்கி எண்ணினார். "ஞாயிற்றுக்கிழமை புது ஆக்கள் உங்கட அறையை வாடகைக்குப் பாக்க வருகினம். கட்டில்ல உடுப்புக் கிடக்காமப் பாத்துக்கொள்ளும்."

ஞாயிறு வர மூன்று நாள் இருந்தது. கொடுக்கவேண்டியது இன்னும் ஆயிரத்து இருநூற்று இருபது டொலர்.