துக்கம் கேட்க வந்தவர்கள்

வருடம் தவறாமல் நவம்பர் கடைசியில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். மும்பையில் தீவிரவாதிகள் ரயில்வே ஸ்டேஷனிலும் ஓட்டல்களிலும் புகுந்து சுட்டார்களே, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று. கேட்டதும் எல்லார் முகத்திலும் ஒரு களை வந்துவிடும். ஒருவர் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தாராம். இன்னொருவர் மச்சினி வளைகாப்புக்குப் போன இடத்தில் செய்தி கேட்டாராம். கணக்கு டீச்சர் அன்றைக்குக் கட்டியிருந்த புடவையின் பார்டர் வரைக்கும் சொல்வார். செத்தவர்கள் யாரோ. இவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் இருந்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன்.

வீட்டில்தான் இருந்தேன். ஸ்ரீரங்கத்தில், அம்மாவின் ஃபிளாட்டில், சொந்தக்காரர்களுக்கு நடுவில்.

என் தம்பிக்கு அப்போது மும்பையில் வேலை. அப்பா போன பிறகு அவனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே பேச்சு. அப்பாவுடைய அண்ணன் மனைவி, என் பெரியம்மா, மணப்பாறையில் ஒரு பெண்ணைப் பிடித்துவைத்திருந்தார். பிடித்துவைத்திருந்தார் என்றால் அப்படித்தான். பெண்ணையும் கேட்கவில்லை, இவனையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவது என்று நாள் குறித்து, அவனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னார்கள். அவன் இரண்டு தடவை லீவு இல்லை என்றான். மூன்றாவது தடவை அம்மா அழுததும் சரி என்றான். புதன்கிழமை ராத்திரி ரயிலில் ஏறுகிறேன் என்று அவன் சொன்ன ஸ்டேஷன்தான், அன்று ராத்திரி துப்பாக்கியோடு அவர்கள் நுழைந்த ஸ்டேஷன்.

வியாழக்கிழமை காலையில் உறையூரில் என் வீட்டில் டி.வி.யைப் போட்டேன். அந்த ஸ்டேஷனைத்தான் காட்டினார்கள். அவன் செல்போன் ஸ்விட்ச் ஆஃப். திரும்பத் திரும்ப அடித்தேன், அதே பதில். ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டுக் கொட்டுகிற மழையில் சத்திரம் போய், அங்கிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. பஸ்ஸுக்குள்ளும் அதே பேச்சுதான்.

அம்மா லேண்ட்லைன் ஃபோனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ரயில்ல இருக்கான். சிக்னல் இருக்காது," என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள். டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த உதவி எண்ணைச் சுழற்றினேன். எப்போது அடித்தாலும் எங்கேஜ்.

ஒரு மணி நேரத்துக்குள் பெரியம்மா வந்துவிட்டார். தலையில் பூ வைக்காமல் பால் வாங்கக்கூடப் படியிறங்காத மனுஷி அவர். அன்றைக்குப் பூ இல்லை. கழுத்தில் ஒரு சங்கிலி மட்டும். பழைய நூல் சேலை. செருப்பை வாசலுக்கு வெகு தூரத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படி வருவது எந்த வீட்டுக்கு என்று எனக்குத் தெரியாதா?

பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். சித்தப்பா வந்து டி.வி.க்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அந்தத் துப்பாக்கி என்ன துப்பாக்கி, அதில் எத்தனை குண்டு போடலாம் என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஓட்டல் ஜன்னலில் புகை வந்தால் "பாரு, பாரு," என்று எல்லாரையும் கூப்பிட்டார். விளம்பரம் போட்டால் சேனலை மாற்றினார். பெண் வீட்டார் முன்கூட்டியே கொடுத்தனுப்பியிருந்த முறுக்கு டின் ஷெல்ஃபில் இருந்தது. அதை யார் எடுத்துக் கொடுத்தார்களோ, ஸ்டேஷனில் ரத்தத்தைக் கழுவுவதைக் காட்டும்போது மனுஷர் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் ஆகாது.

பெரியம்மா நடுநடுவே பெருமூச்சு விட்டார். பெண்ணின் ஜாதகத்தை அப்போதே இன்னொரு இடத்தில் காட்டியிருக்க வேண்டும் என்றார். பேச்சு எடுத்த மாதத்திலேயே இப்படி ஆகிறது என்றால் அவள் ராசியைப் பற்றி என்ன சொல்வது என்றும் சொன்னார். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. அவள் பாட்டுக்கு மணப்பாறையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். இங்கே ஒரு ஹாலில் உட்கார்ந்து அவள் தலையில் ஒரு கொலைப் பழியை ஏற்றிவிட்டார்கள்.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் கீழ் ஃபிளாட் மாமி பெருமாள் தீர்த்தம் கொண்டுவந்து அம்மாவுக்குக் கொடுத்தார். "ரங்கநாதன் இருக்கார், கவலைப்படாதீங்கோ," என்றார். கிளம்பும்போது எப்போதும் போல, "போயிட்டு வரேன்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா சட்டென்று நிமிர்ந்து மாமியை முறைத்தார். என்னமோ செய்யக் கூடாததைச் செய்துவிட்ட மாதிரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து வந்தவர்களில் நான்கைந்து பேர் கிளம்பிப் போயிருந்தார்கள். ஒருவர்கூடப் போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. எழுந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள், திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்கள். சாவு வீட்டிலிருந்துதான் எங்கள் பக்கத்தில் அப்படிப் போவார்கள். அங்கே போய் வருகிறேன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம். இவர்கள் யாரும் கலந்து பேசி முடிவு எடுத்திருக்க மாட்டார்கள். தானாகவே வந்துவிட்டது. உடம்பு கிடைக்கவில்லை, பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, ஆனாலும் என் தம்பியை இந்த ஹாலில் வைத்துக் கொன்றுவிட்டார்கள். சுட்டவர்களையாவது டி.வி.யில் திட்டினார்கள். இவர்களை யார் திட்டுவது?

நான் கொதித்துப்போய் நிற்கும்போதே பெரியம்மாவின் மருமகள் ஒரு பெரிய அடுக்குக் கேரியரோடு வந்தாள். சாம்பார் சாதம், தயிர் சாதம். "இங்க யாரும் அடுப்பு பத்த வைக்க வேணாம். நாங்களே கொண்டாந்துட்டோம்," என்று பெரியம்மா என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் சாப்பாடு கொண்டு வருவார்கள். எண்ணெய்ச் சட்டி வைக்கவே கூடாது. தாளிக்கிற வாசனை தெருவுக்கு வந்தால் துக்கம் தெரியாத ஜென்மங்கள் என்று பேசுவார்கள்.

அம்மா அந்தக் கேரியரைப் பார்த்தாள். அதுவரைக்கும் ரயில், சிக்னல் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். அந்தப் பாத்திரம் என்ன சொல்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மடியிலிருந்த ஃபோனைக் கீழே வைத்தாள்.

நேராகச் சமையலறைக்குப் போனேன். அடுப்பைப் பற்ற வைத்து வாணலியை ஏற்றினேன். எண்ணெய் தாராளமாக ஊற்றினேன். கடுகு போட்டேன், பெருங்காயம் போட்டேன், மிளகாயைக் கிள்ளிப் போட்டேன். எதைத் தாளிக்கிறேன் என்றே தெரியாது. ரசம் கிடையாது, குழம்பு கிடையாது, வெறும் தாளிப்பு. நெடி ஹாலுக்குப் போய் நாலு பேர் இருமினார்கள். நன்றாக இருமட்டும் என்று நினைத்தேன். அதை வழித்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் இன்னும் எண்ணெய் விட்டு, டப்பாவில் இருந்த அப்பளத்தையெல்லாம் பொரிக்க ஆரம்பித்தேன்.

பெரியம்மா ஓடிவந்தார். "என்னடி பண்ற? நாலு பேரு என்ன நெனைப்பாங்க?"

"எங்க வீட்ல எல்லாரும் உயிரோட இருக்காங்கன்னு நெனைக்கட்டும்."

"உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு," என்றார். அடுப்பை அணைக்கக் கையை நீட்டினார். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றேன். பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண் என்று எனக்குச் சொந்தத்தில் ஒரு நல்ல பெயர் உண்டு. அது அன்றோடு போயிற்று. போனதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அப்போது அம்மா உள்ளே வந்தாள். பெரியம்மாவைத் தாண்டிக்கொண்டு வந்து, தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்தாள். சூடு கையைச் சுட்டிருக்கும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவள், நின்றபடியே அதை நொறுக்கி நொறுக்கி முழுவதும் தின்றாள். கண்ணிலிருந்து கொட்டியது. துடைக்கவில்லை. இன்னொன்று எடுத்தாள். அவளை நான் அவ்வளவு நேசித்தது இல்லை, முன்னாலும் சரி, பின்னாலும் சரி. பெரியம்மா ஹாலுக்குத் திரும்பிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அவர் கிளம்பும்போதும் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் மழை விடவில்லை, சொந்தக்காரர்களும் விடவில்லை. சித்தப்பா அதே நாற்காலியில். ஓட்டலுக்குள் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் லேண்ட்லைன் அடித்தது. நான்தான் பாய்ந்து எடுத்தேன்.

"அக்கா," என்றான்.

ஸ்டேஷனில் எங்கே இருந்தாய், அடிகிடி பட்டதா என்று கேட்டேன். அவன் ஸ்டேஷனுக்கே போகவில்லை என்றான். டிக்கெட்டே எடுக்கவில்லையாம். புதன்கிழமை மத்தியானமே நண்பர்களோடு கோவாவுக்குக் கிளம்பிவிட்டானாம். ரயிலில் இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று செல்போனை அணைத்துவைத்தானாம். சனிக்கிழமை கூப்பிட்டு, ரயிலைத் தவறவிட்டுவிட்டேன் என்று சொல்வதாகத் திட்டம்.

செய்தி எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"நேத்து காலையிலயே தெரியும்க்கா. ஃபோன் பண்ணா எங்க இருந்தேன்னு கேப்பீங்க. என்ன சொல்றதுன்னு தெரியல."

ஒரு நாள் முழுக்க. இங்கே ஒருத்தி ஃபோனை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவன் அங்கே கடற்கரையில் பொய் யோசித்துக்கொண்டிருந்தான். கையில் கிடைத்திருந்தால் செருப்பால் அடித்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, வர இஷ்டம் இல்லை என்றால் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்றேன்.

"ரெண்டு தடவ சொன்னேனேக்கா. அந்த வீட்ல யார் காதுல விழுந்துச்சு?" என்றான். பிறகு, "உங்க யாரையும் பாக்கவே பிடிக்கல," என்றான். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னான்.

ஹால் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்திருந்தார். நான் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, நன்றாக இருக்கிறான், ரயில் நடுவழியில் நின்றுவிட்டதாம், செல்லில் சார்ஜ் இல்லையாம் என்று சொன்னேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து பெருமாளைக் கூப்பிட்டு அழுதாள். ஃபோனை அவள் கையில் கொடுத்தேன். மற்றவர்கள் நல்லவேளை, நல்லவேளை என்றார்கள். அத்தனை பேர் முகத்திலும் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது என்று நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்குத் தெரிந்தது.

பெரியம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, ரயில் எங்கே நிற்கிறது என்று கேட்டார். அப்புறம் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார்.

"அப்ப ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடுவான்ல? பொண்ணு வீட்ல இன்னும் ஒண்ணும் சொல்லல நான்."

"அவன் வர மாட்டான், பெரியம்மா."

"ஏன்? அதான் உயிரோட இருக்கான்ல?"

"வராததாலதான் உயிரோட இருக்கான்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.