கட்டையா கீது

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் பாத்திரம் துலக்க வந்த பெண்ணைப் பொய்க்காரி என்று முடிவுகட்டி நிறுத்தியவன் நான். மனைவி நிறுத்த வேண்டாமென்றுதான் சொன்னாள்.

நொச்சிக்குப்பத்திலிருந்து காலை ஆறரைக்கு வருவாள். நாற்பது வயதிருக்கும். போன ஆடி வாக்கில், குழாயைத் திறக்கவே இரண்டு கைகளாலும் திருகத் தொடங்கினாள். டம்ளர்கள் நழுவி விழுந்தன.

"கை வலிக்கறதா?"

"வலிகூட தாங்கிப்பேன் சார். கட்டையா கீது. மடக்கவே வரல."

பத்து மணிக்கு அதே கைகள் துணியை நன்றாகப் பிழிந்தன. கவனித்து வைத்துக்கொண்டேன். கடிகாரம் பார்த்து விலகுகிற நோய் உண்டா?

முப்பது வருடம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். சோதனைக்குழாயில் நிறம் வராவிட்டால் அந்தப் பொருள் இல்லை, அவ்வளவுதான். அவளை டாக்டரிடம் அனுப்பவில்லை. பரிசோதனைக்கூடத்துக்கு நானே அழைத்துப்போய், முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனையை எடுக்க வைத்தேன். நெகட்டிவ் என்று வந்தது.

"ஒண்ணும் இல்லையாம்."

"அப்ப இது இன்னா சார்?" இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல் கணுக்கள் உப்பியிருந்தன. தண்ணீரில் ஊறுகிற கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அன்று மாலை உலாவப் போகிறவன் மாதிரி நொச்சிக்குப்பம் சாலைக்குப் போனேன். வேவு பார்க்கத்தான். அவள் தன் அக்காவின் மீன்கடையில் உட்கார்ந்து வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள். துண்டு துண்டாக, சீராக.

அக்காதான் முதலில் என்னைப் பார்த்தாள். "இன்னாடி, உங்க சாரு மீன் வாங்க வந்துகிறாரு! முள்ளு இல்லாததா பாத்துக் குடு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். எனக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை வாசலிலேயே, "இனிமே வர வேண்டாம்" என்றேன்.

"சாயங்காலம் கை இளகி வுட்டுடுது சார். காலைலதான்..."

முடிக்குமுன் கதவைச் சாத்தினேன்.

இந்த வருடம் என் முழங்கால் மக்கர் செய்தது. அடையாறில் ஒரு மூட்டு டாக்டரிடம் போனேன். காலை மடக்கி நீட்டி, உள்ளங்கையை முட்டியில் வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "காலைல எழுந்ததும் கட்டை மாதிரி இருக்குமா? எவ்வளவு நேரம்?"

அந்தச் சொல் என்னைச் சுட்டது. "அஞ்சு நிமிஷம்."

"அப்ப இது தேய்மானம்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல விறைச்சு, வேலை செய்யச் செய்ய விட்டா, கை விரல் கணுவும் வீங்கியிருந்தா, நான் பயப்படுவேன்."

"ரத்தத்துல நெகட்டிவ்னு வந்தா?"

"சிலருக்கு அப்படித்தான் வரும். அதை வச்சு இல்லைன்னு சொல்லிட முடியாது. கையைத் தொட்டுப் பாக்கணும். சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கலைன்னா மூட்டு அரிச்சுடும்."

மறுநாளே மீன்கடைக்குப் போனேன். நறுக்கியது அக்கா. பக்கத்தில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். அந்த டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டேன். எழுந்து வந்து ஆட்டோவில் ஏறினாள்.

டாக்டர் அவள் கையைக் குறுக்காக மெல்ல அமுக்கினார். துடித்துப்போனாள். எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் அரித்திருந்தது. மருந்து இனி மேலும் அரிக்காமல் தடுக்கலாம், போனது திரும்பாது என்றார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கும்மா? யார்கிட்டயும் சொல்லலையா?"

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "சாராண்டதான் மொதல்ல சொன்னேன்."