எனக்குத் தெரியாத இளஞ்சிவப்பு

மட்டக்குளியில், ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரி செய்கிற ஒரு தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. வினாகிரியில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. குடுவையில் வினாகிரியோடு சில சொட்டுப் பினோப்தலீன். மேலே கோடு போட்ட கண்ணாடி அளவியிலிருந்து காரக் கரைசல் சொட்டுச் சொட்டாக விழும். நிறம் மாறும்வரை எவ்வளவு காரம் போகிறதோ, அவ்வளவுக்கு அமிலம் இருக்கிறது என்று கணக்கு.

பினோப்தலீனும் ஒரு மெல்லிய அமிலம்தான். சுற்றிலும் அமிலம் இருக்கும்வரை தன் ஐதரசனைப் பிடித்துக்கொண்டு நிறமில்லாமல் கிடக்கும். வினாகிரியின் அமிலம் தீர்ந்ததும் காரம் அதனிடமும் ஐதரசனைப் பறிக்கும், இளஞ்சிவப்பு வரும். அதற்குப் பதிலாக மெதயில் செம்மஞ்சள் என்ற நிறங்காட்டியைப் போட்டால் அது வெகு முன்னரே நிறம் மாறி ஏமாற்றிவிடும். முதல் மங்கலான சிவப்பிலேயே அளவியின் குழாயை மூட வேண்டும். ரோசாப்பூ நிறம் வரும்வரை விடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் என் அளவுகளில் வினாகிரி எப்போதும் புளிப்புக் கூடியதாகவே வந்தது. அதை நம்பித் தண்ணீரைக் கூட்டிக் கலந்தார்கள். கொட்டாஞ்சேனைக் கடைகளிலிருந்து போத்தல்கள் திரும்பின. ஊறுகாயில் பூஞ்சணம் பிடிக்கிறதாம். ஆய்வுகூடத்தில் ஒருவருடைய வேலை போகும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். நான் கரைசலைக் குறை சொன்னேன், அளவியைக் குறை சொன்னேன். என்னோடு வேலை செய்யும் மாளிகாவத்தைப் பெண்ணையும் விடவில்லை. அவளுடைய அளவுகள் என்னுடையவற்றைவிடக் குறைவு. அவசரக்காரி, முன்னரே நிறுத்துகிறாள் என்று மேலாளரிடமே சொன்னேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. வெள்ளை டைலின் மேல் இரண்டு குடுவைகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா, இதில எது முடிஞ்சது?"

குனிந்து பார்த்தேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைச் சாறித் தலைப்பில் துடைத்துப் போட்டேன். இரண்டும் வெறும் தண்ணீர் மாதிரித்தான் இருந்தன.

"ரெண்டும் முடியேல்லை."

"வலது பக்கத்தில இருக்கிறது முடிஞ்சுது அக்கா. சிவப்பு நல்லாத் தெரியுது."

கண்ணில் புரை என்று டொக்டர் பிறகுதான் சொன்னார். அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

பின்னேரத்து வினாகிரி இன்னும் பார்க்காமல் இருந்தது. குழாயில் கையை வைத்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். குடுவையைச் சுழற்றியபடி சொட்டுச் சொட்டாக விட்டேன். என் கண்ணுக்கு ஒன்றும் மாறவில்லை.

"போதும் அக்கா."

குழாயை மூடினேன். அளவை அவள் பெயரில் எழுதிவிட்டு மேலாளரின் அறைக்குப் போனேன்.