வெயில் பட்ட மணல்

வேலுத்தாய்க்கு ஈரம் என்றாலே ஆகாது. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருடம் காயவைக்கும் களத்தில் நின்றவள். மருந்தில் ஈரம் கோத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். அந்தப் பயம் வீடுவரை வந்துவிட்டது. கொடியில் கிடக்கும் துணி லேசாக நனைந்திருந்தாலும் பத்துத் தடவை எழுந்துபோய்த் திருப்பிப் போடுவாள்.

2006இல் அந்தக் கம்பெனி வெடித்தது. கூட்டாளி கருப்பம்மாளுக்கு இரண்டு கையும் வெந்துபோயின. அதற்குப் பிறகு வேலுத்தாய் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மறுவருடம், நிலவியல் ஆராய்ச்சிக்குக் குழி தோண்ட ஆள் தேடிய சொர்ணலட்சுமியிடம் வேலைக்குச் சேர்ந்தாள்.

வைப்பாறு கடலில் சேரும் இடத்துக்கு இரண்டு மைல் உள்ளே ஆளுயரத்துக்குத் தோண்டினார்கள். அடியில் கடல்சிப்பியும் மணலும் படிந்திருந்தன. ஒரு காலத்தில் கடல் அதுவரை ஏறி நின்றிருக்கிறது. எந்தக் காலத்தில் என்பதுதான் கேள்வி. சொர்ணலட்சுமி கறுப்புப் போர்வைக்குள் புகுந்துகொண்டு, அந்த அடுக்கில் இரும்புக் குழாயை அடித்து, மணலோடு உருவி, இரண்டு முனையையும் மூடினாள். இந்தப் பிள்ளைக்கு வெயில் ஒத்துக்காது போல என்று வேலுத்தாய் பாவப்பட்டாள்.

மறுநாள் காலை, சாத்தூரில் வேலுத்தாய் வீட்டில் குழாய்ப் பெட்டியை இறக்கினார்கள். "பத்திரமா இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டுச் சொர்ணலட்சுமி வேறு வேலையாக விருதுநகருக்குப் போனாள். சாயங்காலம் சாத்தூரிலிருந்து அவளுக்கு ரயில்.

பெட்டிக்கு அடியில் நீர் கசிந்திருந்தது. வேலுத்தாய் அகராதியில் பத்திரம் என்றால் காய்ந்திருப்பது. குழாயைத் திறந்து, மணலைச் சாக்கில் கொட்டி, உச்சிவெயிலில் கிண்டிக் கிண்டிக் காயவைத்து, பழையபடி அடைத்து மூடினாள். பிறகுதான் சோறு இறங்கியது.

நாலு மணிக்கு வந்த சொர்ணலட்சுமி, பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டே பேசினாள். "இந்த மணல் இருட்டுல மூடிக் கிடந்த காலத்தையெல்லாம் சேத்து வச்சிருக்குக்கா. வெயில் பட்டா அம்புட்டும் அழிஞ்சிரும். கடல் நேத்துதான் அங்கன வந்துச்சுன்னு காட்டும்."

வேலுத்தாய் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். குழாய் மூடினபடிதானே இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது? முந்தானையை முறுக்கினாள், பிரித்தாள். வண்டி கிளம்பியது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"மேடம், நாந்தான் தெறந்தேன். வெயில்ல கொட்டிக் காயவச்சிட்டேன்."

"ஐயோ அக்கா! அந்த அடுக்குல எடுத்தது அது ஒண்ணுதானே!" சொர்ணலட்சுமிக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே?"

"கம்பெனி வெடிச்ச அன்னைக்கும் அப்படித்தான் நெனச்சேன் மேடம். தட்டுல மருந்து ஈரமா இருந்ததப் பாத்தேன். போர்மேன் ஏசுவாருன்னு வாயத் தெறக்கல. கருப்பம்மா போயி அந்தத் தட்டுல கைய வச்சா."

சொர்ணலட்சுமி, ரயில் போகட்டும், மறுபடி தோண்டுவோம் என்று டிரைவரிடம் அந்தக் குழிக்கே திருப்பச் சொன்னாள். வேலுத்தாய் மண்வெட்டியோடு ஏறி உட்கார்ந்தாள். தெருமுனை வருவதற்குள் மூன்று தடவை எழுந்துவிட்டாள்.

"வண்டியச் செத்த நிறுத்துங்க" என்றாள். "கருப்பம்மா வீடு இதான். அவகிட்ட நான் இன்னும் சொல்லல."