சாமுண்டீஸ்வரிக்கு வராத காட்சி

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி சாமுண்டீஸ்வரி வீடு எது என்று கேட்டால், "சீரியல் எழுதறாங்களே, அவங்களா?" என்று மரியாதையாக வழி சொல்வார்கள். அவள் கார்ட்டூன் வரையச் சென்னைக்குப் போனபோது இதே ஊர்தான், "பொம்ம போட்டுப் பொழைக்கப் போவுதாம்" என்று சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அனிமேஷன் ஸ்டுடியோவில் மேசைக்கு மேசை கண்ணாடி இருக்கும். கோபமோ அழுகையோ, முதலில் தன் முகத்தில் நடித்துப் பார்த்துவிட்டுத்தான் வரைய வேண்டும். சாமுண்டீஸ்வரிக்கு முகம் மட்டும் போதாது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, முழு உடம்போடும் நடித்துப் பார்ப்பாள்.

ஸ்டுடியோவை இழுத்து மூடியதும் ஊர் திரும்பி ரேடியோவுக்கு நாடகம் எழுதினாள். பழக்கம் மட்டும் போகவில்லை. ஜன்னல் வழியே பார்த்த அக்கம்பக்கத்தார் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகவே முடிவு கட்டினார்கள். "எம்பொண்ணு வேல செய்யுது, உனுக்கு இன்னா?" என்று அவர்கள் வாயை அடைத்தவள் அம்மா அம்மாக்கண்ணு.

ரேடியோ நாடகங்களைக் கேட்டுத்தான் டிவி சீரியலுக்கு வசனம் எழுதக் கூப்பிட்டார்கள். முதல் மாதமே வினை வந்தது. கதையில் பண்ணையார் வீட்டு நகை காணாமல் போகிறது. வேலைக்காரியின் மகள்மேல் பழி.

"அம்மாக்காரி பண்ணையார் கால்ல விழுந்து கதறணும். ரேட்டிங் பிச்சுக்கும்" என்றார் டைரக்டர் இளவழகன்.

வேலையை இழக்கச் சாமுண்டீஸ்வரிக்கு மனமில்லை. எழுதத்தான் உட்கார்ந்தாள். வழக்கம்போல் எழுந்து கைகூப்பினாள், குனியப் போனாள். உடம்பு வளையவில்லை. எத்தனையோ களத்துமேட்டில் கூலி வேலை செய்த அம்மாக்கண்ணு எவர் காலிலும் விழுந்ததில்லை. திருடாதவள் எதற்கய்யா விழ வேண்டும்? சாமுண்டீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதையில் வரும் அந்தத் தாய் நிமிர்ந்து நின்று, "எம்பொண்ணு எடுத்தத யார் பாத்தது? கூப்டு அந்த ஆள" என்று கேட்பதாக எழுதிக்கொண்டு ஷூட்டிங்குக்குப் போனாள்.

இளவழகன் படித்துவிட்டுக் காகிதத்தைக் கீழே வீசினார். "இப்பவே மாத்தும்மா. இல்லன்னா வேற ஆளு எழுதுவான்."

"மாத்தறேன் சார். ஆனா நடிச்சுப் பாக்காம எனக்கு எழுத வராது. இது எனக்கு வரல. திருடாத ஒருத்தர் எப்டி கால்ல விழுவாங்கன்னு நீங்க ஒருவாட்டி விழுந்து காட்டுங்க, பாத்து எழுதிக்கறேன்."

"யார் கால்ல?"

"பண்ணையாரா நடிக்கிறாரே, அவர் கால்லதான்."

லைட்மேன் முதல் டீ கொடுப்பவர் வரை எல்லாரும் டைரக்டரையே பார்த்தார்கள். பண்ணையார் வேஷக்காரர் பதறிப்போய்க் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இளவழகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தாயாக நடிக்கும் அமலா காகிதத்தைப் பொறுக்கி எடுத்தாள். "இதையே எடுங்க சார், டைம் ஆவுது."

அந்தக் காட்சி அப்படியே ஒளிபரப்பானது. அடுத்த வாரம் சாமுண்டீஸ்வரியை நீக்கினார்கள். இப்போது வேறொரு சேனலுக்கு எழுதுகிறாள். சேர்ந்த அன்றே அங்கே சொல்லிவிட்டாள்: "கால்ல விழற சீன் வேணும்னா, கேக்கறவங்க மொதல்ல எனக்கு விழுந்து காட்டணும்."

இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.